கை நனைக்காமல் வந்தேன்

யுத்தம் முடிந்த மறு வருஷம் கோடையில், பெரம்பலூர் ஆபீஸ் விலாசத்துக்கு என் பேருக்கு ஒரு நீளமான கவர் வந்தது. அப்போது நான் ஜில்லா போர்டில் ஜூனியர் இன்ஜினியர். சென்னையில் இன்ஜினியரிங் பட்டம் வாங்கி, வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீடு அரியலூரில். வாரம் முழுக்கப் பெரம்பலூரில் ஒரு வாடகை அறையில் கிடப்பேன். சனிக்கிழமை மத்தியானம் கரி பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போவேன். பெட்ரோல் தட்டுப்பாட்டினால் பஸ்ஸுக்குப் பின்னால் ஓர் அடுப்பை மாட்டி, கரியைப் போட்டு ஊதி, அதில் வருகிற புகையில்தான் வண்டியை ஓட்டினார்கள். அரியலூரில் இறங்கும்போது என் மூக்குக்குள்ளேயும் கரி இருக்கும்.

கவருக்குள் இருந்தது மேல்படிப்புக்கு எனக்கு இடம் கொடுத்திருக்கும் கடிதம். இரண்டு வருஷப் படிப்பு. மண்ணின் குணம் என்ன, அதன் மேல் கட்டுகிற கட்டடம் ஏன் நிற்கிறது, ஏன் வெடிக்கிறது என்பதைப் படிக்கிற படிப்பு. அப்போதுதான் ஒரு காலேஜில் அதைத் தொடங்கியிருந்தார்கள். காலேஜின் பேரையும் ஊரின் பேரையும் எழுதப்போவதில்லை. அரியலூரில் சாயங்காலம் ரயில் ஏறினால் மறுநாள் காலையில் இறங்கலாம், அவ்வளவு தெரிந்தால் போதும். கடிதத்தோடு ஒரு ஃபாரம் இருந்தது. சம்மதம் என்றால் கையெழுத்துப் போட்டு ஜூன் மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும்.

அந்தப் படிப்புக்கு நான் மனுப் போட்டதற்குக் காரணம் ஒரு பாலம். குன்னத்துக்குப் பக்கத்தில் ரோட்டின் குறுக்கே ஓடும் ஓர் ஓடைக்கு மேலே, நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் கட்டிய சின்னப் பாலம். என் கையெழுத்து விழுந்த முதல் வேலை. கோடையில் கட்டினோம். ஐப்பசி மழை பெய்தது. தை மாதம் போய்ப் பார்த்தால் பக்கச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு, என் சுண்டு விரல் உள்ளே போகிற அளவுக்கு. எனக்கு அப்போதே முன்கோபம். கொத்தனாரை வரவழைத்து, சுண்ணாம்பைத் தின்றுவிட்டாயா என்று ஊர் ஜனங்களுக்கு முன்னால் கத்தினேன். அவர் வயதில் மூத்தவர், தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மறுபடி பூசினோம். மறுபடி வெடித்தது. இந்தத் தடவை நானே பக்கத்தில் நின்று பார்த்துப் போட்ட கலவை, அதனால் திட்ட யாரும் கிடைக்கவில்லை.

மேலதிகாரியிடம் கேட்டேன். "கரிசல் மண்ணுல அப்படித்தான் ஆவும், விடுங்க" என்றார். ஏன் அப்படி ஆகிறது என்றேன். "அப்படித்தான்" என்றார். அந்த 'அப்படித்தான்' எனக்குத் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. கட்டினவனுக்கு ஏன் என்று தெரியாத பாலத்தின் மேல் ஜனங்கள் வண்டி ஓட்டிக்கொண்டு போகிறார்கள். கொத்தனாரின் குனிந்த தலை வேறு அடிக்கடி ஞாபகத்துக்கு வந்தது.

சரி, இடம் கிடைத்துவிட்டதே, போக வேண்டியதுதானே என்று கேட்கலாம். அது அவ்வளவு லேசாக இல்லை. போர்டில் இரண்டு வருஷ லீவு தர மாட்டோம், வேண்டுமானால் ராஜினாமா செய்துவிட்டுப் போகலாம் என்று எழுதிவிட்டார்கள். என் வேலை நிரந்தரமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் வகையறாவில் சர்க்கார் சம்பந்தப்பட்ட உத்தியோகத்தில் இருந்தவன் நான் ஒருவன்தான். அதை விட்டுவிட்டு, இன்னும் ஒருவர் கூடப் படித்து முடித்து வெளியே வராத படிப்புக்குப் போவதா? போய், அந்தப் படிப்பு உருப்படாமல் போனால், திரும்பி வந்து அப்பாவோடு பருத்திக் காட்டில் நிற்க வேண்டியதுதான்.

அப்பாவுக்கு அரியலூருக்குக் கிழக்கே மானாவாரி நிலம். எதையும் விசாரித்துத்தான் செய்வார். கடிதத்தை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "கடுதாசில எல்லாரும் நல்லாத்தான் எழுதுவான். பொண்ணு குடுக்கற எடத்த நேர்ல பாக்காமக் குடுத்துருவமா? போயிப் பாத்துட்டு வா" என்றார். பிறகு விரலை நீட்டி, "ஆனா ஒண்ணு. அங்க கை நனைச்சுடாத" என்றார்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பார்க்கப் போகிறவர்கள், முடிவு சொல்லும்வரை அந்த வீட்டில் சாப்பிட மாட்டார்கள். அதற்குத்தான் கை நனைக்காமல் வருவது என்று பேர். இலையில் உட்கார்ந்து சோற்றில் கை வைத்துவிட்டால் சம்மதம் சொன்ன மாதிரி. வயிறு கபகபவென்று எரிந்தாலும் எழுந்து வந்து, வழியில் கிளப்புக் கடையில் சாப்பிடுவார்கள். என் சித்தப்பா ஒருத்தர் கீழப்பழுவூரில் பெண் பார்க்கப் போன இடத்தில் பசி தாங்காமல் நாலு இட்லியைத் தின்றுவிட்டார். அந்தப் பெண்தான் எங்கள் சித்தி. நாலு இட்லிக்கு வந்தவள் என்று கல்யாணம் ஆகி இருபது வருஷம் கழித்தும் சித்தியைக் கேலி செய்வோம்.

காலேஜுக்குமா அப்பா இந்தச் சட்டம் என்று சிரித்தேன். சிரித்தேனே தவிர, மனசுக்குள் அதை எடுத்துக்கொண்டேன். எனக்குக் கோபப்படத் தெரியும், முகத்துக்கு நேரே மறுக்கத் தெரியாது. ஒருவர் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் அவரிடம் 'உங்கள் படிப்பு எனக்கு வேண்டாம்' என்று என்னால் எழுத முடியாது. ஆகவே அப்பா சொன்னது எனக்குத் தோதாகவும் இருந்தது. தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று நானே ஒருபடி மேலே போய்த் தீர்மானம் செய்துகொண்டேன்.

ஒரு நோட்டில் பதினோரு கேள்வி எழுதி எடுத்துக்கொண்டேன். எத்தனை வாத்தியார்கள், சோதனைச் சாலையில் என்னென்ன மெஷின், லைப்ரரியில் எத்தனை புஸ்தகம், சர்க்கார் இந்தப் பட்டத்தை ஏற்றுக்கொள்ளுமா, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பாதியில் போனார்கள், இப்படி. பாலத்தடியிலிருந்து ஒரு கட்டி கரிசல் மண்ணையும் துண்டில் முடிந்துகொண்டேன். ஏன் எடுத்துப் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அந்தத் துறைக்குப் பொறுப்பான பேராசிரியருக்கு நாற்பது வயதிருக்கும். வெளிநாட்டில் படித்தவர் என்று கடிதத்தில் போட்டிருந்தது. நான் கோட்டு டையோடு ஒரு மனிதரை எதிர்பார்த்துப் போனேன். அரைக்கைச் சட்டையும், நகக்கண்ணில் மண்ணுமாக ஒருத்தர் தகரக் கொட்டகைக்கு வெளியே குந்தி உட்கார்ந்து எதையோ சலித்துக்கொண்டிருந்தார். அவர்தான். "அரியலூர்ல இருந்தா? வாங்க, வாங்க" என்று எழுந்து வந்தார்.

நோட்டைத் திறந்து கேள்விகளைக் கேட்க ஆரம்பித்தேன். வேறு யாராக இருந்தாலும் என்னை வெளியே துரத்தியிருப்பார்கள். அவர் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார்.

"வாத்தியாருங்க ரெண்டே பேர்தான். நானும் இன்னொருத்தரும். மெஷின் கப்பல்ல வந்து இறங்கிடுச்சு, பெட்டிய இன்னும் பிரிக்கல, பொருத்தறதுக்கு ஆள் வரணும். லைப்ரரின்னு தனியா இல்ல, என்னோட புஸ்தகம் ஒரு அலமாரி இருக்கு. பட்டத்த சர்க்கார் ஏத்துக்குமான்னு எனக்கே தெரியலைங்க. மூணு பேரு சேர்ந்தாங்க, ஒருத்தரு வேலை கிடைச்சுப் போயிட்டாரு."

இப்படி யாராவது தன் கடைச் சரக்கைப் பற்றிச் சொல்வார்களா? என் நோட்டில் பதினோரு கேள்விக்கு ஒன்பது 'இல்லை' விழுந்தது. வராந்தாவில் நின்ற ஒரு மாணவரைத் தனியே பிடித்துக் கேட்டேன். "சார் இருக்கற வரைக்கும் படிப்பு இருக்கும். சாரை வேற எடத்துக்குத் தூக்கிட்டா படிப்பும் போயிடும்" என்று அவரும் ஒளிக்காமல் சொன்னார். வேண்டாம், இது ஆகாது என்று அந்த நிமிஷம் நான் முடிவே செய்துவிட்டேன்.

கிளம்பும்போதுதான் துண்டில் இருந்த மண் ஞாபகம் வந்தது. பாலத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. கட்டியை வாங்கி, வெயிலில் காய வைத்திருந்த ஒரு தட்டில் போட்டு நுணுக்கி, சலித்து, ஒரு கண்ணாடிக் குழாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். மண் நின்ற மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டார். "ஒரு மணி நேரம் பொறுங்க" என்றார்.

நாங்கள் அந்தக் குழாய்க்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். மண் மெதுவாக எழும்பிக்கொண்டிருந்தது. கோட்டைத் தாண்டியது. ஒரு விரற்கடை, அப்புறம் இன்னொன்று. "உங்க பாலத்த யாரும் இடிக்கலைங்க. மழைக்கு மண்ணு ஊதி அடியில இருந்து தூக்குது. வெயிலுக்கு அதே மண்ணு சுருங்கிப் பாலத்தக் கைவிட்டுடுது. சுண்ணாம்பு என்ன செய்யும், பாவம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. கொத்தனார் தலையைக் குனிந்து நின்றது இதற்காகவா? எவ்வளவு ஆழத்துக்கு அஸ்திவாரம் போனால் இந்த ஊதல் இருக்காது என்று கேட்டேன். "அதுதான் நீங்க வந்து ரெண்டு வருஷத்துல கண்டுபிடிக்கணும்" என்று சிரித்தார்.

அதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. பக்கத்திலேயே அவருடைய வீடு. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். அவர் மனைவி இரண்டு இலை போட்டு, தண்ணீர் தெளித்து, குழம்பை இறக்கி வைத்திருந்தார். முருங்கைக்காய் சாம்பார் வாசனை. எனக்கோ காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத பசி. மனசு இப்போது அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது எனக்கே தெரிந்தது. அதனாலேயே பயம் வந்தது. இப்போது உட்கார்ந்தால் முடிந்தது, இனி யோசிக்க இடமில்லை என்று நினைத்தேன்.

"வேண்டாங்க சார். வயிறு சரியில்ல" என்றேன்.

"அப்ப ரசஞ்சோறு ஒரு வாய் சாப்பிடுங்க, வயித்துக்கு நல்லது" என்றார் அந்த அம்மா.

"இல்லைங்க, வேண்டாம்."

"மோராச்சும்?"

"வேண்டாங்க."

அந்த அம்மா ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினார். "வெயில்ல போறீங்க, தண்ணியாச்சும் குடிங்க" என்றார். நான் கையைக் கூப்பி, அதையும் வேண்டாம் என்றேன். டம்ளர் நீட்டியபடியே இருந்தது. பிறகு அவர் அதை உள்ளே எடுத்துக்கொண்டு போனார். பேராசிரியர், "சரி விடும்மா, நமக்குப் பழக்கந்தான்" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு, என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். உங்கள் பாலத்தை ஒருநாள் வந்து பார்க்கிறேன் என்று சொன்னார். என்ன பழக்கம் என்று நான் அப்போது யோசிக்கவே இல்லை. ஸ்டேஷனுக்கு எதிரே கிளப்புக் கடையில் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னதும் அப்பாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "தண்ணிகூடக் குடிக்காம வந்துட்டானா! கெட்டிக்காரன்தான்" என்று அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு பதினைந்து நாள் என் மண்டை காய்ந்தது. காலையில் எழுந்தால் வேலையை விடக்கூடாது என்று தோன்றும். பிரிக்காத பெட்டிகளும் ஒற்றை அலமாரியும் கண்ணில் நிற்கும். ஆபீசுக்குப் போய், 'பாலம் பழுது' என்று எந்த ஊரிலிருந்தாவது ஒரு காகிதம் வந்தால் அந்தக் கண்ணாடிக் குழாய்தான் ஞாபகம் வரும், இப்போதே ராஜினாமா எழுதலாம் என்று இருக்கும். ஃபாரத்தை எடுப்பதும் மடித்து வைப்பதுமாக அது மடிப்பில் கிழிய ஆரம்பித்துவிட்டது.

எங்கள் ஆபீசில் ஒரு ஓவர்சியர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது பெரியவர். குன்னம் பக்கத்துச் சேரியில் பிறந்து, பாதிரியார் பள்ளிக்கூடத்தில் படித்து மேலே வந்தவர். அதிர்ந்து பேச மாட்டார். ஒருநாள் நாங்கள் இருவரும் அதே பாலத்தை அளக்கப் போயிருந்தபோது, பொழுது போவதற்காக அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். கை நனைக்காமல் வந்ததைச் சாமர்த்தியமாகச் சொல்லி, அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. அளவு நாடாவைச் சுற்றிக்கொண்டே, "தண்ணிகூட வேண்டாம்னுட்டீங்களா சார்?" என்று கேட்டார்.

"ஆமா."

"அவரு என்ன ஆளுங்கன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

"நான் கேக்கலையே."

அவர் நாடாவைச் சுற்றி முடித்தார். பிறகு, "எனக்கு வேலை பர்மனென்ட் ஆன அன்னிக்கு ஒரு ஆபீசர எங்க வூட்டுக்குக் கூப்பிட்டங்க. நல்ல மனுசன். வந்தாரு. எம் பொஞ்சாதி தண்ணி குடுத்துச்சு. வயிறு சரியில்லன்னுட்டாரு. எங்க வூட்டுக்கு வர்ற எல்லாருக்கும் வயிறு சரியில்லாமத்தான் போவுது சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு நாடாவின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார்.

'நமக்குப் பழக்கந்தான்' என்று பேராசிரியர் உள்ளே பார்த்துச் சொன்னது காதில் விழுந்தது. நீட்டிய டம்ளரும் கண்முன் வந்தது. ஐயோ, நான் அதற்காகச் செய்யவில்லையே என்று அந்த ஓவர்சியரிடமே கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. இரண்டு வருஷமாக அவரோடு வேலை செய்கிறேன், ஒருநாளாவது அவர் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்திருக்கிறேனா என்ற கேள்வி நடுவே வந்து நின்றுவிட்டது. அவரும் என்னைக் கூப்பிட்டதில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று அன்றைக்கு வரை நான் நினைத்துப் பார்த்ததும் இல்லை.

பேராசிரியருக்கு விளக்கி ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'எங்கள் ஊரில் சம்பந்தம் பார்க்கும்போது' என்று ஆரம்பித்துவிட்டு, அடுத்த வரி ஓடவில்லை. நாலு காகிதம் கிழித்தேன். படிப்பு வேண்டுமா வேண்டாமா என்று அல்லாடினது போய், இப்போது அந்த மனிதர் என்னைச் சேர்த்துக்கொள்வாரா என்கிற அல்லாட்டம் வந்துவிட்டது. அவர் இல்லாமல் அந்தப் படிப்பே இல்லை என்று அந்த மாணவர் சொன்னது சரிதான். மெஷினையும் அலமாரியையும் எண்ணிக்கொண்டிருந்தேனே, பாவி.

ஜூன் பாதியில் அவரிடமிருந்தே ஒரு கார்டு வந்தது. அரியலூர்ப் பக்கத்து மண்ணைப் பார்க்க வருகிறார். வருகிற சனிக்கிழமை காலை ரயிலில் இறங்குவார், பாலத்தைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடுவார். முடிவு செய்திருந்தால் ஃபாரத்தைக் கையில் கொடுக்கலாம் என்று கடைசியில் ஒரு வரி.

அன்றைக்கே ஊருக்குப் போய், அவரை மத்தியானம் நம் வீட்டில் சாப்பிட அழைக்கப்போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"தாராளமா. அவரு என்ன ஆளுங்க?" என்றார் அப்பா.

"தெரியாது."

"தெரியாம எப்படிடா உள்ள கூப்பிடுவ?"

ஓவர்சியர் சொன்னதைச் சொன்னேன். பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாதான், "படிச்ச மனுசன், அவ்வளவு தூரத்துல இருந்து வர்றாரு. பட்டினியா அனுப்பவா? மாட்டுக்கொட்டகைப் பக்கம் பெருக்கிச் சாணி தெளிச்சு வச்சுடறேன், அங்க இலை போட்டுடலாம்" என்றாள். அம்மா இரக்கப்பட்டுத்தான் சொன்னாள். அவள் முகத்தில் வேறு எதுவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வேண்டாம் என்று எழுந்து போனேன். உள்ளேதான் சாப்பிடுவார் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்று மட்டும்தான் சொன்னேன்.

சனிக்கிழமை ஸ்டேஷனில் காத்திருந்தேன். அவர் ஒரு கையில் மண் எடுக்கும் தகரப் பெட்டியும் மறு கையில் தூக்குச் சட்டியுமாக இறங்கினார். சாப்பாடு கொண்டுவந்திருந்தார். பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். இரண்டு பேரும் கரி பஸ்ஸில் குன்னம் போனோம். வழியெல்லாம் பருத்திக் காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார், பிளந்து கிடக்கும் இடங்களைக் காட்டிக் காட்டி ஆழம் கேட்டார். அவருக்கு என் மேல் வருத்தம் இருந்த மாதிரியே தெரியவில்லை.

பாலத்தடியில் நாங்களே மண்வெட்டி பிடித்து ஒரு குழி வெட்டினோம். இரண்டு அடிக்கு ஒரு தரம் மண்ணை எடுத்துப் பெட்டியில் போட்டுக் குறித்துக்கொண்டார். ஆறடியில் மண்ணின் நிறம் மாறியது, ஈரம் தட்டியது. "இதுக்குக் கீழ போயிட்டா உங்க பாலம் ஆடாதுன்னு நினைக்கறேன். நிச்சயமாச் சொல்லணும்னா சோதனை பண்ணணும்" என்றார். குழிக்குள் நின்றபடி அவரோடு பேசிய அந்த இரண்டு மணி நேரம், என் உத்தியோகத்தின் இரண்டு வருஷத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. இவரிடம்தான் படிக்க வேண்டும், வேறு எதுவும் எனக்கு வேண்டாம் என்று அப்போது ஒரு சந்தேகமும் இல்லாமல் தெரிந்துவிட்டது.

மேலே ஏறி வந்து கை கால் கழுவினோம். அவர் தூக்குச் சட்டியை வேப்பமர நிழலில் வைத்தார். நான் சட்டென்று ஆரம்பித்துவிட்டேன். சம்பந்தம் பார்ப்பது, கை நனைக்காமல் வருவது, அப்பா சொன்னது, சித்தியின் நாலு இட்லி எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். "வயிறு சரியில்லன்னு சொன்னது பொய்தாங்க. ஆனா நீங்க நினைச்ச காரணத்துக்காக இல்லைங்க சார்" என்று முடித்தேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "காலேஜுக்குப் பொண்ணு பாக்க வந்தீங்களா! எங்க பக்கத்துலயும் இது உண்டுங்க. எங்க அண்ணனுக்குப் பொண்ணு பாக்கப் போயி நானே பட்டினி கிடந்திருக்கேன்" என்றார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஒரு மாதமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. நானும் சிரித்தேன்.

பிறகு அவர், சிரிப்பு முகத்தில் மிச்சம் இருக்கும்போதே, "சரி. அப்படி ஒரு வழக்கமே இல்லைன்னு வச்சுக்குங்க. எங்கப்பா சேரிக்காரரு, ஒரு பண்ணையில ஆளா இருந்தவரு. அது தெரிஞ்சிருந்தா அன்னிக்கு உக்காந்து சாப்பிட்டிருப்பீங்களா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. கோபமே இல்லாமல் கேட்டார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். வயிறு சரியில்லை என்று சொல்ல அன்றைக்கு எவ்வளவு லேசாக வந்தது! இது வரவில்லை. மாட்டுக்கொட்டகையைப் பெருக்கி வைக்கிறேன் என்ற அம்மாவின் முகமும், வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு நான் எழுந்து போனதும்தான் கண்முன் நின்றன. ரோட்டில் ஒரு பருத்தி வண்டி வந்தது, பாலத்தைத் தாண்டிப் போனது.

"ஃபாரம் கொண்டாந்திருக்கீங்களா?" என்றார்.

அங்கேயே என் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன். மடிப்பில் கிழிந்திருந்ததைப் பார்த்து நீவிவிட்டார். முழங்காலில் வைத்து, அவர் போட வேண்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். "மண்ணப் பத்தி நல்ல கேள்வி கேக்கறீங்க. உங்களுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கறது? ஜூலை முதல் வாரம் கிளாஸ். இந்த மண்ணுல ஒரு மூட்டை எடுத்துக்கிட்டு வாங்க" என்றார். பிறகு, "நீங்க போயிச் சாப்பிட்டு வாங்க. பஸ்ஸுக்கு நேரம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு மரத்தின் அந்தப் பக்கம் போய், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். இரண்டு வருஷம் அவரிடம் படித்தேன். மண்ணைப் பற்றி எனக்கு என்ன தெரியுமோ அது அத்தனையும் அவர் கொடுத்தது. என்னைக் கடிந்து ஒரு வார்த்தை பேசியதில்லை, பெட்டி பிரித்துப் பொருத்திய மெஷினில் முதல் சோதனையைச் செய்ய விட்டதும் என்னைத்தான். கூடப் படித்த மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து, அந்த அம்மாவின் முருங்கைக்காய் சாம்பாரைப் பற்றிப் பேசுவார்கள். முதல் வருஷம் முடிவதற்குள்ளேயே நான் போய் உட்கார்ந்து சாப்பிடத் தயாராகிவிட்டேன். அது அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அவர் என்னை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.